பின்மூடிக்குள் போன கை

மெக்கானிக் சுடலைமுத்துவுக்கு அனுபவம் இருபது வருஷம், வயிற்றெரிச்சல் ஆறு மாசம். ஆறு மாசத்துக்கு முன்னால்தான் அவருடைய ஜெராக்ஸ் சர்வீஸ் கம்பெனியில் ஜெபக்கனியும் மெக்கானிக்காகச் சேர்ந்தாள். அன்றிலிருந்து தாலுகா ஆபீஸ் ஜெராக்ஸ் மிஷின் மக்கர் பண்ணினால், "அந்தப் பொண்ணையே அனுப்புங்க" என்றுதான் போன் வருகிறது. பொறுக்குமா மனுஷனுக்கு?

ஒருநாள் காலையில் மிஷினைத் துடைக்கிற சாக்கில் போனார். பின்மூடியைத் திறந்து, ஒரே ஒரு கனெக்டரை லேசாக நெகிழ்த்திவிட்டு வந்துவிட்டார். மிஷின் செத்தது.

ஜெபக்கனி வந்ததும் தாசில்தார் குதித்தார். "பதினோரு மணிக்கு கலெக்டர் வர்றாரு! பத்து நிமிஷத்துல ஓடணும். இல்லேன்னா கம்பெனியில சொல்லி உன் சீட்டைக் கிழிச்சிருவேன்!"

வேடிக்கை பார்க்கவென்றே சுடலைமுத்துவும் வந்து நின்றார். ஜெபக்கனி பின்மூடித் திருகைப் பார்த்தாள். புதுக் கீறல். சுடலைமுத்து அண்ணனைப் பார்த்தாள். முகத்தில் அடக்கமுடியாத சந்தோஷம். மூடியைக் கழற்றினால், கொத்துக் கொத்தாய் வயர், நாற்பது கனெக்டர்.

"எனக்குப் பிடிபடல சார். அண்ணன் கைபட்டாத்தான் ஓடும்."

இந்த ஒரு வார்த்தைக்குத்தானே ஆறு மாசமாய்க் காய்ந்து கிடந்தார்! நேரே கையை உள்ளே விட்டு ஒன்றை அழுத்தினார். 'டிக்'. மிஷின் ஓடியது.

"இதுதான்யா அனுபவம்!" என்றார் தாசில்தார்.

"ஆமா சார். நாப்பதுல எது நெகிழ்ந்திருக்குன்னு மீட்டர் வைக்காம, ஒரு வயரைக்கூட அசைச்சுப் பாக்காம சொல்ல ரெண்டு பேராலதான் முடியும். ஒண்ணு கடவுள். இன்னொண்ணு, அதை நெகிழ்த்தினவரு," என்றாள் ஜெபக்கனி. "அண்ணே, இதுல நீங்க யாரு?"