ஐம்பத்தொரு சீர்த்தட்டுகள்

கேட்டுக்கொண்டே வாருங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். ஆனால் நடுவில் வாயைத் திறக்காதீர்கள். இந்தக் கதையைப் பாதியில் நிறுத்தித் தீர்ப்புச் சொன்னவர்கள் எல்லாரும் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

கோமளபுரம் வணிகர் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்தன்று பெண் வீட்டுச் சீர் ஊர்வலமாகப் போகும்போது, தெருவே வாசலில் நின்று தட்டுகளை எண்ணும். யார் வீட்டுத் தட்டு அதிகமோ, அந்த வீட்டுக்காரிக்குத்தான் அதன் பிறகு தெருவில் நடக்கும் எல்லா விசேஷத்திலும் முதல் தாம்பூலம். தட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. பட்டுத்துணியால் மூடி முடிச்சுப் போட்டிருக்கும். அதை நடுத்தெருவில் அவிழ்ப்பது பெரிய அவமரியாதை. அந்த முடிச்சை வேறொரு வீட்டுப் பெண்தான் போட வேண்டும். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அவள் போடுவாள்; பார்த்ததைத் தெருவில் சொல்லவும் கூடாது.

அந்தத் தெருவில் வடிவாம்பாளை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. மதிப்பார்களா? பத்து வருஷமாக ஒரே பட்டுப்புடவை. காதில் மெல்லிய தோடு. விசேஷ வீட்டுக்குப் போனால் பந்தியின் கடைக்கோடிதான் அவளுக்கு. "வடிவு வீட்டுல பூனைகூட விரதம் இருக்கும்" என்று கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிடுவாள். அவளுக்கு வேறு கணக்கு இருந்தது. தை பிறந்தால் ஒரு பாத்திரம், ஆடி வந்தால் ஒரு பாத்திரம் என்று மகள் மரகதத்துக்காக வாங்கிச் சேர்த்தாள். அண்டா, தவலை, குத்துவிளக்கு, இட்டிலிக் கொப்பரை எல்லாம் கனமான பித்தளை, ஒரு தலைமுறைக்குத் தாங்கும். புகுந்த வீட்டில் மகள் எதற்கும் அடுத்தவர் கையை எதிர்பார்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுடைய ஆசை. மொத்தம் இருபத்தொரு தட்டுக்குச் சேர்ந்தது.

கல்யாணம் வந்தது. சீரையெல்லாம் கணவர் சபாரத்தினம் தன் கடைக் கிடங்கில் அடுக்கினார். முதல் நாள் காலையிலேயே முடிச்சுப் போடப் போனவள் குஞ்சிதம், வடிவாம்பாளின் உயிர்த்தோழி. போன வருஷம் தன் மகளுக்கு முப்பத்தேழு தட்டு வைத்தவள். தெருவின் முதல் தாம்பூலம் அவளுடையது. போட்டுவிட்டுத் திரும்பி வந்தவள், அடுக்களையில் வடிவாம்பாளோடு உட்கார்ந்து பொழுது சாயும்வரை தேங்காய் துருவினாள், அதிரசம் தட்டினாள், ஊர்க்கதை பேசினாள்.

மறுநாள் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் யானை, பின்னால் இரட்டை நாயனம். தெரு எண்ணியது: இருபது, முப்பது, ஐம்பத்தொன்று!

வடிவாம்பாள் திகைத்துப்போனாள். "என்னங்க இது?"

"கடைச்சரக்குல பட்டும் பழமும் சேர்த்தேன். நீ பேசாம வா" என்றார் சபாரத்தினம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அவளுக்கும் நெஞ்சு விம்மியது. நேற்றுவரை கேலி பேசிய வாயெல்லாம் திறந்தபடி நிற்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் மனம் குளிராது!

சம்பந்தி வீட்டு வாசல் வந்ததும் குஞ்சிதம் முன்னால் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "எங்க வடிவு வயித்தைக் கட்டிச் சேர்த்த தவலையைச் சம்பந்தியம்மா பார்க்க வேண்டாமா?" என்றவள், யாரும் தடுப்பதற்குள் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

உள்ளே வைக்கோல். அடுத்த தட்டிலும் வைக்கோல்.

நாயனம் பாதியில் நின்றது. கல்யாணம் நின்றுவிடும், மகள் வாழ்க்கை போய்விடும் என்றுதான் வடிவாம்பாள் முதலில் நினைத்தாள். அவள் கணவரைப் பார்த்தாள்; அவர் தரையைப் பார்த்தார். பாத்திரக்கடையில் எல்லாவற்றையும் விற்றுத்தான் யானையும் நாயனமும் வாடகைத் தட்டுகளும் வந்திருக்கின்றன என்பது அந்த ஒரு பார்வையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

கல்யாணம் நிற்கவில்லை. சம்பந்தியம்மாள் பதறி ஓடிவந்து துணியை இழுத்து மூடினாள். "மூடுங்கம்மா, மூடுங்க! தெருவெல்லாம் ஐம்பத்தொண்ணுன்னு எண்ணியாச்சு, எங்களுக்கு அது போதும். எங்க வீட்டுல பாத்திரத்துக்கா பஞ்சம்?"

நாயனம் மறுபடி முழங்கியது. அப்போது மரகதம் தாயின் கையைப் பற்றிக்கொண்டு, நிம்மதியாக மூச்சு விட்டபடி சொன்னாள்: "நான்தான் அப்பாகிட்ட அப்பவே சொன்னேனே, பாத்திரத்தை யாரும் கேக்கமாட்டாங்கன்னு. நீ சும்மா பயந்துட்டேம்மா."

வடிவாம்பாள் கையை விடுவித்துக்கொண்டாள். தாலி கட்டும்போது அட்சதை போட்டாள், பந்தியில் பரிமாறினாள், வந்தவர்களை வழியனுப்பினாள்.

இப்போது சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாமல் விற்ற கணவன், விற்கச் சொல்லிக்கொடுத்த மகள், ஊரறிய அவிழ்த்த தோழி: இந்த மூவரில் வடிவாம்பாளுக்குப் பெரிய துரோகம் செய்தவர் யார்?

விடை: குஞ்சிதம். கணவனும் மகளும் செய்தது அசட்டுப் பெருமைக்காகச் செய்த ஏமாற்று. அதில் வடிவாம்பாளைத் தலைகுனிய வைக்கும் எண்ணம் இல்லை. பாத்திரமும் மகளுக்கென்று வாங்கியதுதான். குஞ்சிதமோ முதல் நாள் காலையிலேயே வைக்கோலைக் கண்ணால் பார்த்தவள். உண்மைதான் பெரிதென்றால் அடுக்களையில் காதோடு சொல்லியிருக்கலாம். விற்றதை மீட்க ஒரு பகல் முழுக்க இருந்தது. தன் தாம்பூலம் கைமாறப் போகிறதென்றுதான் அதை நடுத்தெருவரை பொத்தி வைத்திருந்தாள். நியாயம் இப்படித்தான் சொல்கிறது. வடிவாம்பாளிடம் கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டாள். குஞ்சிதத்தோடு அவள் ஆறே மாதத்தில் பேசிவிட்டாள். கணவருக்கு அன்று ராத்திரியே சோறு போட்டாள். மகள் வீட்டில் மட்டும் இன்றுவரை அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.