உருகிய சொம்பும் உருகாத சொம்பும்

கோடைமல்லன் என்று ஒரு ராஜா. எந்த நாடு, எந்த நூற்றாண்டு என்றெல்லாம் கேட்காதீர்கள். அடுப்பு எரிகிற நாடு. அது போதும்.

கடல் கடந்து வந்த கப்பல்காரன் ஒருவன் ராஜாவுக்கு இருபது உலோகக் கட்டிகளைக் காணிக்கையாக வைத்தான். வெள்ளி மாதிரி வெளுப்பு. ஆனால் வெள்ளி இல்லை. சபையில் ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை.

"இதன் குணம் என்ன, பயன் என்ன? ஆராய்ந்து சொல்லும்" என்று அனந்தபத்ம பண்டிதரிடம் கொடுத்தான் ராஜா.

பண்டிதர் ஒரு மாதம் ஆராய்ந்தார். உரைகல்லில் தேய்த்தார். தேனில் ஊறப்போட்டார். நிலா வெளிச்சத்தில் கட்டித் தொங்கவிட்டார். அதற்கு ஜாதகம்கூடக் கணித்தார். நூற்றெட்டு ஏடு எழுதினார். பயன் மட்டும் அகப்படவில்லை.

அரண்மனைப் பாத்திரங்கள் செய்கிற கன்னான் பிச்சாண்டிக்கு அகப்பட்டது. முன்பு துறைமுகத்தில் வேலை பார்த்தவன். ஒரு கட்டியை வாங்கி உருக்கினான், தட்டினான், பளபளவென்று ஒரு சொம்பைக் கொண்டுவந்து வைத்தான்.

"சமையலுக்கு ஆகும், மகாராஜா."

பண்டிதருக்குப் பொறுக்குமா? "பரீட்சை செய்யாமலா? மூட்டுங்கள் அடுப்பை!" என்று சொம்பைத் தூக்கினார்.

"சாமி, அதை அப்படியே..." என்று வாயைத் திறந்தான் பிச்சாண்டி.

"மூடடா வாயை! நூற்றெட்டு ஏடு எழுதியவனுக்கு நீ சொல்லித் தருகிறாயா?"

சொம்பு அடுப்பில் ஏறியது. பண்டிதர் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். நூறு ஆவதற்குள் சொம்பின் இடுப்பு தொய்ந்தது. கழுத்து சாய்ந்தது. பிறகு சொம்பே இல்லை. சாம்பலில் ஒரு வெள்ளைக் குட்டை.

"பார்த்தீர்களா பிரபு! அடுப்பில் உருகுகிற சொம்பு! சபை நடுவில் உங்களைக் கேலி செய்திருக்கிறான்!"

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "நாளைப் பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிவிடு" என்றான். பிச்சாண்டியின் மனைவி நிறைமாதக்காரி. எங்கே நடப்பாள்?

சபையில் வாய்க்காகவே சம்பளம் வாங்குகிறவன் ஒருவன் உண்டு. சடகோபன் என்று பெயர். எழுந்து போனான். பிச்சாண்டியின் காதில் ஏதோ கேட்டான். திரும்பி வந்தான்.

"மகாராஜா, பரீட்சை பாதியில் நிற்கிறது. இன்னொரு சொம்பு செய்யச் சொல்லுங்கள்."

"அதே உலோகம், அதே அடுப்பு" என்றான் ராஜா. "கொழுந்துவிட்டு எரிகிற நெருப்பில் ஒரு நாழிகை உருகாமல் நிற்க வேண்டும். நின்றால் கன்னான் இருக்கட்டும். உருகினால் நீயும் அவனோடு நட."

"சம்மதம்."

"சொம்பு செய்யும்போது நான் பக்கத்தில் நிற்பேன்" என்றார் பண்டிதர். "விறகும் நான்தான் அடுக்குவேன்."

"அடுக்குங்கள் சாமி" என்றான் சடகோபன். "நெருப்பு உங்களுடையது. சொம்புக்குள் இருப்பது என்னுடையது. சரிதானே?"

"உள்ளே என்ன இருந்தால் என்ன? எடுத்துக்கொள்!"

மறுநாள் காலை. சபை முழுக்க அடுப்பைச் சுற்றி நின்றது. பண்டிதர் புளியங்கட்டையாகப் பார்த்து அடுக்கினார். சடகோபன் சொம்பில் கழுத்துவரை புளிக்கரைசல் ஊற்றினான். மிளகு, சீரகம் தட்டிப் போட்டான். அடுப்பில் ஏற்றினான்.

பண்டிதர் நூறு எண்ணினார். இருநூறு எண்ணினார். ஊதுகுழலை எடுத்து ஊதினார். முகத்தில் கரி அப்பியதுதான் மிச்சம். ரசம் பொங்கியது. சொம்பு அசையவில்லை. குறையக் குறைய சடகோபன் கரைசல் விட்டுக்கொண்டே இருந்தான். வாசனை சிம்மாசனம்வரை போயிற்று.

"நாழிகை ஆயிற்று! இங்கே கொண்டு வா!" என்றான் ராஜா.

குடித்தான். இன்னொரு கிண்ணம் கேட்டான். "தாமிரச் சட்டி ரசத்தில் நாக்கில் ஒரு கசப்பு நிற்குமே. அதைக் காணோமே!"

"இது புளியோடு சண்டைக்குப் போகாத உலோகம், மகாராஜா. களிம்பு ஏறாது" என்றான் சடகோபன்.

"அது இருக்கட்டும். நேற்று உருகியது இன்று எப்படி நின்றது?"

"நேற்றுப் பண்டிதர் வெறும் வயிற்றோடு நெருப்பில் ஏற்றினார். நான் வயிறு நிறைய ஊட்டி ஏற்றினேன். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை இது உருகாது. நேற்றே பிச்சாண்டி சொல்ல வந்தான். விட்டால்தானே?"

பண்டிதர் முனகினார். "ஒரு மாதம் ராப்பகலாக எல்லாப் பரீட்சையும் செய்தேனே..."

"செய்தீர்கள் சாமி. சமையல் சொம்பில் சமைத்துப் பார்த்தீர்களா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிண்ணத்து ரசம் பட்டு வேட்டியில் கொட்டியது. மீதிக் கட்டிகளெல்லாம் பிச்சாண்டிக்கு. சடகோபனுக்கு முத்துமாலை.

"பண்டிதரே, உமக்கும் ஒரு வேலை உண்டு" என்றான் ராஜா. "இனி தினமும் சொம்பு காயாமல் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும்."

பண்டிதர் தலையைச் சொறிந்தார். "பிரபு, ரசம்... எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா?"

"குடியுங்கள் சாமி, தாராளமாக" என்றான் சடகோபன். "கடைசிச் சொட்டுக்கு முன்னால் மட்டும் சொம்பை இறக்கிவிடுங்கள்."

அவ்வளவுதான் கதை. உங்கள் வீட்டு அடுப்பிலும் ஈயச்சொம்பு இருந்தால், இங்கே உட்காராதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள்.