பாதி டோக்கன்

“தாயி, ஒரு சந்தேகம் கேக்கணும்.”

“முதல்ல சைக்கிளை நிறுத்துங்க அண்ணாச்சி. சந்தேகம் எங்கயும் ஓடிராது.”

கேட்டவர் குத்தாலிங்கம். வயது ஐம்பத்தாறு, மீசைக்கு மட்டும் நாற்பது.

சொன்னவள் உச்சிமாகாளி. வயது முப்பத்துநாலு. தென்காசி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு நடத்துகிறவள்.

ஞானம் கேட்கிற இடமா அது என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. பத்து வருஷத்துக்கு முன் கடையநல்லூர் மைதானத்தில் ஒன்பது நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் வட்டம் சுற்றியவள் இவள். கால் தரையில் படக்கூடாது. சாப்பாடு, குளியல், தலைசீவல் எல்லாம் சைக்கிள் மேலேயே. ஆறாம் நாள் அவள் தூங்கிவிட்டாள். சைக்கிள் மட்டும் விழித்திருந்து சுற்றியது. அவள் இறங்கிய பிறகு மைதானம் நிற்க மறந்து ஒரு வாரம் சுற்றியது. அங்கே மேய்ந்த ஆடுகளுக்கெல்லாம் தலைசுற்றலுக்கு மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

அவள் ஒரு டோக்கனை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியை அவர் சைக்கிளின் ஹாண்டில்பாரில் சொருகினாள். மறு பாதியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். இரண்டிலும் ஒரே எண், 417.

“இப்ப சொல்லுங்க.”

“மாடியில பதினாறு சைக்கிள் வாங்கிப் போட்டேன் தாயி. ஏசி, பாட்டு, நீல லைட்டு. நின்ன எடத்துலயே மிதிக்கலாம். மழை நனைக்காது, நாய் தொரத்தாது, பஞ்சர் ஆகாது. தொறந்த அன்னைக்குப் பதினாறும் நெறஞ்சு கெடந்துச்சு. இப்ப ஒரு ஈ காக்கா இல்ல.”

“எப்படிக் கொறஞ்சுது?”

“தெனம் ஒருத்தர். சொல்லிவச்ச மாதிரி. மொத நாள் வந்துட்டுத் தபாலாபீசு இசக்கித்தாய் மறுநாள் வரல. அடுத்த நாள் இன்னொருத்தர். கடைசியா மருந்துக்கடை ஷேக் மைதீன் ஒத்தையில மிதிச்சுக்கிட்டிருந்தார். பதினேழாம் நாள் அவரும் வரல.”

“ம்.”

“திங்கக்கிழமை காலையில மச்சினன் ஆவுடையப்பன் மதுரையில இருந்து லாரி கொண்டு வாறான். பதினாறையும் ஏத்திட்டுப் போயிருவான். அத்தோட கடைக்கு மங்களம். இன்னைக்கு வியாழன்.”

“உங்க சைக்கிள் எல்லாம் எங்க போகுது அண்ணாச்சி?”

“எங்கயும் போகாது. அதானே தாயி தொழிலே.”

“எங்கயும் போகாதவங்க எப்படித் திரும்பி வருவாங்க?”

குத்தாலிங்கம் வாயைத் திறந்தார். செங்கோட்டை வண்டி வந்துவிட்டது. டோக்கனை நீட்டிக்கொண்டு நாற்பது பேர் நடுவில் புகுந்தார்கள். அவர் திறந்த வாயோடு வீட்டுக்கு நடந்தார். சைக்கிளில் வந்தோம் என்பதே நினைவில்லை.

*

வெள்ளிக்கிழமை உச்சிமாகாளி கடைக்கு வந்தாள்.

பதினாறு சைக்கிளும் வரிசையாக நின்றன. எதிரே ஒரு மேடை. மேடையில் குத்தாலிங்கம் மிதிக்கிற பதினேழாவது சைக்கிள், மற்ற எல்லாவற்றையும் முறைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் மைக்கு.

“இதுல என்ன பேசுவிய?”

“‘ஏறுங்க, மலை ஏறுங்க, விடாதீங்க’ம்பேன்.”

மேடைக்கு மேலே சுவரில் ஒரு மின்விளக்குப் பலகை பளபளத்தது. அதைக் காட்டும்போது அவர் முகத்திலும் அதே பளபளப்பு.

“சிங்கப்பூர்ல இருந்து வரவழைச்சேன் தாயி. மிதிக்க மிதிக்க ஒவ்வொருத்தர் பேரும் மேல ஏறும். யாரு ஒண்ணாவது, யாரு பதினாறாவதுன்னு ஊருக்கே தெரியும்.”

பலகையில் இன்னும் ஒரு பெயர் எரிந்துகொண்டிருந்தது. 1. ஷேக் மைதீன். அதற்குக் கீழே வெறும் இருட்டு.

“கடைசி நாள் இதைப் பாத்துட்டு அவரு என்ன சொன்னாரு?”

“‘அட, நான்தான் மொதல்’னார். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னார். அப்புறம், ‘அப்பக் கடைசியும் நான்தான்’னு செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டார்.”

உச்சிமாகாளி சிரிக்கவில்லை. ஒரு சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்தாள்.

“இந்தத் தொழில் உங்களுக்கு எங்க இருந்து புடிச்சுது?”

“சார்ஜாவுல. பதினோராவது மாடி. கம்பெனி ஜிம்முல இப்படி ஒரு சைக்கிள் கெடந்துச்சு. எதிர்ல சிமெண்டுச் சுவரு. இருவது வருசம் சாயங்காலமெல்லாம் அதுலதான் உக்காந்து மிதிப்பேன்.”

“எங்க போவிய?”

குத்தாலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பினார். கொஞ்சம் வெட்கம்.

“தென்காசிக்கு. ஆரியங்காவுக் கணவாய் வழியா. சாரல் மூஞ்சியில அடிக்கும் தாயி. நெசமாத்தான் சொல்லுதேன். எறங்கும்போது சட்டை நனைஞ்சிருக்கும்.”

“எத்தனாவதா வந்து சேருவிய?”

“என்னது?”

“தென்காசிக்கு. எத்தனாவதா வந்து சேருவிய?”

குத்தாலிங்கம் பலகையைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடையைத் தொறந்து வையுங்க,” என்றாள் அவள்.

“ஆளு வரமாட்டாங்க தாயி.”

“பதினாறு பேரும் எங்கிட்ட வண்டி விடுறவங்கதான். நான் சொல்லிக்கிடுதேன்.”

*

ஞாயிறு சாயங்காலம் பதினாறு பேரும் வந்தார்கள். உள்ளே வராமல் வாசலிலேயே ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒளிந்தார்கள். இசக்கித்தாய் எல்லோருக்கும் பின்னால்.

“என் வண்டி ஒண்ணு இங்க நிக்குன்னு மாகாளி சொன்னா. அதான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். மிதிக்கதுக்கு வரல.”

“நானுந்தான்,” என்றார் ஷேக் மைதீன்.

உச்சிமாகாளி சொட்டச் சொட்ட மழைக்கோட்டோடு வந்தாள்.

“இதை எங்க காயப்போட?”

குத்தாலிங்கம் பதில் சொல்வதற்குள் மேடையில் ஏறி, பலகை மேல் மாட்டிவிட்டாள். மழைக்கோட்டுக்குள் பலகை, மேகத்தில் அகப்பட்ட நிலா மாதிரி மங்கியது.

பிறகு ஏசியை அணைத்தாள். பலகைக்கு இருபுறமும் இருந்த ஜன்னல்களைத் திறந்தாள். மேடையில் நின்ற சைக்கிளைப் பிடித்து இழுத்து, மற்றவை பார்க்கும் பக்கமாகத் திருப்பினாள். எதிரே குற்றாலத்து மலை, பாதி மேகத்துக்குள்.

“நீங்களும் ஏறுங்க அண்ணாச்சி.”

“மைக்கு?”

“மலை அங்கன தெரியுதுல்லா. அதுக்கு மைக்கு வேற எதுக்கு?”

ஏறினார். எல்லோரும் ஏறினார்கள்.

முதலில் பெடல் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சாரல் உள்ளே வந்தது. நெற்றியில் ஒரு துளி, புறங்கையில் ஒரு துளி. அப்புறம் காற்று. அப்புறம் பெடல் சத்தமே இல்லை. பதினேழு சக்கரமும் ஈரத் தார்ச்சாலையில் போகிற சத்தம்.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று ஊரில் பதினேழு விதமாகச் சொல்கிறார்கள். இறங்கும்போது ஷேக் மைதீன் செருப்பில் காயல்பட்டினத்துக் கடற்கரை மணல் இருந்தது. அதை அவர் தட்டிவிட்ட இடத்தில் இன்றைக்கும் விளக்குமாறு கரகரக்கிறது. இசக்கித்தாய் தலையில் ஒரு தாழம்பூ மடல் இருந்தது. அது எங்கே பூத்ததென்று கேட்டதற்கு, “எங்க அம்மை வீட்டு வாய்க்காலோரம்” என்றாள். அந்த வாய்க்காலை மூடி வீடு கட்டிப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

குத்தாலிங்கம் தென்காசிக்குத்தான் போனார். தென்காசியில் உட்கார்ந்துகொண்டே, சார்ஜாவிலிருந்து கணவாய் வழியாக, சட்டை நனைய.

இறங்கியவர்கள் சுவரைப் பார்த்தார்கள். மழைக்கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது.

உச்சிமாகாளி இடுப்பிலிருந்து டோக்கன் கட்டை எடுத்தாள். கட்டில் மிஞ்சிக் கிடந்த பழைய டோக்கன்கள், வரிசை கிடையாது. ஒவ்வொன்றாகக் கிழித்தாள். பாதி சைக்கிளுக்கு, பாதி ஆளுக்கு. 63. 902. 218.

ஷேக் மைதீனுக்கு 740 வந்தது. கையில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

இசக்கித்தாய் தன் பாதியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“அறுவத்திமூணா? நான் அறுவத்திமூணாவதா மாகாளி?”

“அது உங்க வண்டியோட நம்பரு அக்கா. ஸ்டாண்டுல எப்பவும் ‘எங்க என் வண்டி’ன்னு கேப்பிய, அதே மாதிரி கேளுங்க.”

*

திங்கட்கிழமை காலையில் லாரி வந்தது.

ஆவுடையப்பன் நேரம் தவறாதவர். இரண்டு ஆட்கள் முதல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி பாதி இறங்கியிருந்தார்கள். கீழே இருந்து இசக்கித்தாய் ஏறி வந்தாள். தோளில் தபால் பை. ஹாண்டில்பாரைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

“எங்க கொண்டு போறிய?”

“மதுரைக்கு.”

“யாரைக் கேட்டு?”

“ஏம்மா, நீ யாரு?”

முந்தானையிலிருந்து பாதி டோக்கனை எடுத்து, ஹாண்டில்பாரில் இருந்த பாதியோடு சேர்த்துப் பிடித்தாள். கிழிசலோடு கிழிசல் பொருந்தியது.

“அறுவத்திமூணு. வைங்க கீழ.”

அவளுக்குப் பின்னால் ஷேக் மைதீன். அவருக்குப் பின்னால் இன்னொருவர். படிக்கட்டு முழுக்க ஆள். ஒவ்வொரு கையிலும் ஒரு கிழிந்த பாதி. மதுரை ஆட்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே மேலே போனார்கள்.

ஆவுடையப்பன் மாடிக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

“என்ன அத்தான் இது? மதுரையில இருந்து வந்திருக்கேன். வெறும் லாரியையா திருப்பி ஓட்டிட்டுப் போகச் சொல்லுதிய?”

குத்தாலிங்கம் சட்டைப் பையில் கையை விட்டார். ஏதோ காகிதம் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தார். 417.

வியாழக்கிழமையிலிருந்து அவர் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறது. யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பாதி டோக்கனைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டு சுவரை நிமிர்ந்து பார்த்தார். மழைக்கோட்டு காய்ந்துவிட்டது. அதற்குள் பலகை இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

மேடையில் ஏறி மழைக்கோட்டை எடுத்து மடித்தார். பலகையின் மூலையில் இருந்த திருகாணியை விரலால் தடவிப் பார்த்தார்.

“மாப்ள,” என்றார், “லாரியில திருப்புளி இருக்கா?”