இசக்கிராணியின் கோப்பு

"அம்மா, கையெழுத்துப் போடும்போது கை நடுங்குது. நடுங்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவர் தலைமையாசிரியர் சிதம்பரநாதன். வயது ஐம்பத்தாறு. பன்னிரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் அந்த மலையடிவார ஆசிரமத்துக்கு வருகிறவர். குரு அவரைவிடப் பத்து வயது சின்னவர். எல்லோருக்கும் அவர் அம்மா.

ஆசிரம வாசலில் 'கோபம் தவிர்' என்று பலகை உண்டு. அதை மாட்டியது அம்மா இல்லை.

"எதுல கையெழுத்து?"

அவர் பையிலிருந்து டி.சி. புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். இசக்கிராணி, ஒன்பதாம் வகுப்பு. எல்லாம் எழுதியாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி.

"பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்புறீங்களா? என்ன தப்பு பண்ணா?"

"தப்பு ஒண்ணுமில்லம்மா. பத்தாவதுல தேற மாட்டா. ஏழு வருஷமா நூத்துக்கு நூறு தேர்ச்சி. வாசல்ல பேனர் கட்டியிருக்கோம். ஒரு பிள்ளையால அந்தப் பேரு போயிரக் கூடாதுல்ல."

கேட்டால் வயிறு எரியும். நம் ஊரில் இதை யாரும் குற்றம் என்பதில்லை. நிர்வாகம் என்பார்கள்.

"வெளிய போனா என்ன செய்வா?"

"அவ அப்பன் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு அனுப்பிருவான்."

"தேற மாட்டான்னு எப்படித் தெரியும்?"

"மார்க்கு. பதினொண்ணு, பதினாலு, ஒன்பது."

"நான் மார்க்கைக் கேக்கலை. பிள்ளையைக் கேட்டேன்."

சிதம்பரநாதனுக்கும் சுருக்கென்று கோபம் வந்தது.

"நீங்களும் ஜெஸிந்தா டீச்சர் மாதிரியே பேசுறீங்க! வகுப்புல ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மின்னணுக் கோப்பு வச்சிருக்கு அந்தம்மா. வாசிக்கிற வீடியோ, வரைஞ்ச படம், அடிச்சுத் திருத்துன கணக்கு, எல்லாத்தையும் போன்ல எடுத்துத் தேதிவாரியாச் சேத்து வைக்குது. பள்ளிக்கூடம் முழுக்க இப்படி வைக்கணுமாம். மார்க்கை மட்டும் பாத்தா பிள்ளை வளந்தது தெரியாதாம். இசக்கிராணி கோப்பை எனக்கு அனுப்பி, டி.சி.யில கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால பாருங்க, பாருங்கன்னு உசிரை வாங்குது."

"பாத்தீங்களா?"

"அவ கோப்புல மட்டும் முப்பத்தெட்டு பதிவு இருக்கும்மா! அதையெல்லாம் திறந்து பாக்க எனக்கு ஏது நேரம்?"

அம்மா புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கினார்.

"பேனாவைக் குடுங்க."

ஒரு வெற்றுப் பக்கத்தைப் புரட்டி எழுதினார்.

பெயர்: சிதம்பரநாதன்.

வகுப்பு: தியானம்.

விலகக் காரணம்: தேற மாட்டார்.

கையெழுத்தும் போட்டார். கை நடுங்கவில்லை. கிழித்து நீட்டினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வர வேண்டாம்."

"அம்மா! நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பு ஒண்ணுமில்ல. இன்னிக்குக் காலையில தியானத்துல குறட்டை விட்டீங்க. உங்களால ஆசிரமத்துப் பேரு போயிரக் கூடாதுல்ல."

"இன்னிக்கு ஒரு நாளை வச்சு முடிவு பண்ணுவீங்களா?" அவர் கத்தியேவிட்டார். "வந்த புதுசுல என்னால அஞ்சு நிமிஷம் உக்கார முடியாது. இப்ப ஒரு மணி நேரம் உக்காருறேன். குடியை விட்டேன். பொண்டாட்டியைக் கை நீட்டி அடிக்கிறதை விட்டேன். கொஞ்சம் கொஞ்சமா, விழுந்து எந்திரிச்சு... பன்னெண்டு வருஷம்மா! அதையெல்லாம் நீங்க பாக்க வேண்டாமா?"

அம்மா எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"அதையெல்லாம் திறந்து பாக்க எனக்கு ஏது நேரம்?"

உள்ளே போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

சிதம்பரநாதன் வெளியே வந்து வெயிலில் நின்றார். கால் சுட்டது. செருப்பைத் தேடத் தோன்றவில்லை.

போனை எடுத்தார். கோப்பில் முதலில் இருந்தது ஒரு வீடியோ. ஜூன் மாதத்தது. ஒல்லியான பெண், கையில் மூன்றாம் வகுப்புப் புத்தகம்.

"எம் பேரு இசக்கிராணி. எனக்கு வாசிக்க வராது டீச்சர்."

கடைசி வீடியோவுக்குத் தாவப் போன விரல் நின்றது.

டி.சி. புத்தகம் உள்ளேயே இருந்தது. அவர் கதவைத் தட்டவில்லை. கோப்பில் இரண்டாவதைத் திறந்தார்.