வேப்பங்குழி ஏரியை நிமிர்த்திய கதை

ஏன்க்கா, சாய்ஞ்சுபோன ஏரியை நிமிர்த்த எத்தனை மூட்டை மண் வேணும்னு உங்களுக்குத் தெரியுமா? வேப்பங்குழிக்காரங்களுக்குத் தெரியும். அவ்வளவு அறிவாளிங்க.

அந்த ஊர்க் காத்தமுத்துவுக்குப் போன தையில்தான் கல்யாணம். பெண் எடுத்தது பூசணிப்பட்டியில். ஊர் சுற்றிப் படம் எடுக்கிறவங்க செல்போனில் ஒரு குழு வச்சிருக்காங்க. மச்சினன் எடுத்த பூசணிப்பட்டிக் குளத்துப் படம் அதன் முகப்பில் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு ரோஷம்.

"எங்க ஏரி முகப்புல வர்ற வரைக்கும் உங்க வீட்டுல கை நனைக்கமாட்டேன்!"

ஆடி விருந்துக்கு மாமியார் கிடாய் வாங்கிக் கட்டின பிறகுதான், என்ன சபதம் போட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது.

கூட்டாளிகள் பொன்னுரங்கம், சிங்காரவேலுவோடு கரைக்கு ஓடினான். போனைக் கோணலாகப் பிடித்து, மூன்று பேரும் பல்லைக் காட்டி, படத்தைக் குழுவில் போட்டார்கள். குழுவை நடத்தும் நிரஞ்சனா மேடம் பதில் எழுதினார்: "ஏரி சாய்ந்திருக்கிறது, நேராக்குங்கள். ஆட்களும் வேண்டாம்."

காத்தமுத்து படத்தை உற்றுப் பார்த்தான். "ஆமாண்டா, கிழக்கால இறங்கித்தான் கெடக்கு."

"தண்ணி பூரா கொட்டிப்போனா மாடு கன்னு என்னடா பண்ணும்?" பொன்னுரங்கம் நெஞ்சில் கை வைத்தான்.

"படிச்சவங்க கண்ணே கண்ணு. நமக்குத் தெரிஞ்சுதா பாரு!" என்றான் சிங்காரவேலு.

கிழக்குக் கரையில் மண்மூட்டை அடுக்கினார்கள். மறுபடி படம். இந்தத் தடவை கை மறுபக்கம் கோணிவிட்டது.

"ஐயோ, மேற்கால சாஞ்சிடுச்சு! மூட்டை அதிகம்டா!"

பாதியை மேற்கே சுமந்தார்கள். இடுப்பு ஒடிந்து, போனை ஒரு பாறைமேல் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். திரையில் ஏரி நேராக நின்றது. மூவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

"இனி ஆள் இருக்கக் கூடாது, அவ்வளவுதானே? நீங்க தள்ளிப் போங்க, நான் அமுக்குறேன்," என்றான் காத்தமுத்து.

"அப்ப நீ ஆள் இல்லையா?" என்றான் பொன்னுரங்கம்.

"நான்தான் படத்துல இல்லையே."

"உன் பேரு படத்துக்கு மேல வருதேடா!"

மூன்று பேரும் கலந்து பேசி, போனைப் பூட்டாமல் பாறையிலேயே விட்டுவிட்டு, ஆளே இல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். திரும்பி வந்தால் பாறை இருந்தது.

காத்தமுத்து வாயில் அடித்துக்கொண்டு அழும்போது, பெண்டாட்டி செந்தாமரை தன் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "இங்க பாருங்க, உங்க பேர்ல நம்ம ஏரி! முகப்புலயே போட்டுட்டாங்க!"

எடுத்துட்டுப் போன மகராசனுக்கு நல்ல கை. ஏரி நேரா இருந்தது, ஒரு ஆளும் இல்லை. மறுநாள் காத்தமுத்து பேரிலேயே ஒரு அணைக்கட்டுப் படம் வந்தது. அதற்கடுத்த நாள் தேயிலைத் தோட்டம்.

"நம்ம போன் மலையெல்லாம் ஏறுதுடா!" என்று மூவரும் ஊருக்கே காட்டினார்கள்.

"போனைத் திருப்பிக் கேட்டு எழுதுங்க," என்று செந்தாமரை தலையில் அடித்துக்கொண்டாள். விருந்துக்குக் கிளம்பின காத்தமுத்து, அவள் போனை வாங்கி, தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே பணிவாக எழுதினான்:

"அண்ணே, சார்ஜர் எங்க வீட்டுலயே தங்கிப்போச்சு. நாங்க நாலு நாள் பூசணிப்பட்டியில விருந்துல இருப்போம். சாவி சன்னல் மேல இருக்கு, தயவுசெஞ்சு நீங்களே வந்து எடுத்துக்கங்க. போகும்போது எங்க வீட்டையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கண்ணே, நேரா இருக்கட்டும்."