மந்திரி வீட்டு மொச்சைக் குழம்பு

முன்னொரு காலத்தில் மேலைக்குன்றம் என்ற நாட்டை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான், ஆனால் கறி இல்லாத நாளில் மட்டும் அவன் பக்கத்தில் யாரும் போக முடியாது. அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே காப்புக் கட்டிக்கொண்டது. காப்பு அவிழ்க்கும் வரை யாரும் கவிச்சி தொடக்கூடாது, தொட்டவர் நாட்டைவிட்டே போகவேண்டும் என்று ராஜாவே முரசறையச் சொன்னான்.

சொன்ன வாய்தான் தவித்தது. சிம்மாசனத்தில் உட்காருவான், எழுவான், சாளரம் வரை போவான், திரும்பி வருவான். மடைப்பள்ளி அதிகாரி காடப்பருக்கு மந்திரி சேந்தன் மேல் நெடுநாள் வயிற்றெரிச்சல். மந்திரியின் மூளைக்கு எட்டாததா, கறியே இல்லாமல் கறி விருந்து வைக்கச் சொல்லுங்கள் என்று நைசாக எடுத்துக்கொடுத்தார். ராஜா கப்பென்று பிடித்துக்கொண்டான். நாளை மதியம் உன் வீட்டில்தான் சாப்பாடு, கறி தின்ற திருப்தி வராவிட்டால் மந்திரி மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடு என்று சேந்தனிடம் சொல்லிவிட்டான்.

சேந்தனுக்குத் தூக்கம் போயிற்று. அவன் மனைவி நாச்சி மட்டும் பதறவில்லை. மொச்சையை ஊறப்போட்டுவிட்டுப் படுத்தாள். காலையில் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பிசுபிசுவென்று பால் வடிந்த பலாப்பிஞ்சைத் துண்டு போட்டாள். வெங்காயமும் மிளகும் மல்லியும் வறுத்து அரைத்து, மொச்சையோடும் பலாத் துண்டுகளோடும் சேர்த்துக் கொதிக்கவிட்டாள். சேந்தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டே அடுப்படிக்கும் வாசலுக்குமாக அலைந்தான். வரும்போதெல்லாம் சட்டியைத் திறந்தான்.

"மூடியைத் திறந்துக்கிட்டே இருந்தா மொச்சை எப்படிங்க வேகும்? ஒரு இடத்துல உட்காருங்க" என்றாள் நாச்சி.

அவன் உட்காருவதற்குள் ராஜா வந்துவிட்டான். பசி பொறுக்காமல் முன்னதாகவே வந்திருந்தான், பின்னாலேயே காடப்பரும். இலை போட்டார்கள். ராஜா முதல் வாய் தின்றான், முகம் மலர்ந்தது. நாலாவது வாயில் கை நின்றுவிட்டது. மணிக்கட்டிலிருந்த காப்பைப் பார்த்தான்.

"சேந்தா, இது கறி. என் விரதத்தைக் கெடுத்துவிட்டாயே" என்றான்.

கறி மாதிரி இல்லாமல் போய்விடுமோ என்றுதான் சேந்தன் இரவெல்லாம் பயந்தான். கறி மாதிரியே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவன் நினைக்கவே இல்லை. பலாப்பிஞ்சு என்று சொல்லிப் பார்த்தான். அப்படியானால் தோல் எங்கே என்று காடப்பர் பாய்ந்தார். தோலை மாடு தின்றுவிட்டிருந்தது. போகப்போவது இனி மோதிரமல்ல, நாடே என்று அவனுக்குக் கிலி பிடித்தது. அந்தக் கிலியிலும் அவன் கண் காடப்பரின் மணிக்கட்டில் விழுந்தது.

உடனே கைகூப்பி, மடைப்பள்ளியையே ஆளும் நாக்கு காடப்பருடையது, அவரே ருசி பார்த்துச் சொல்லட்டும் என்றான். காடப்பரும் கறிக்கு ஏங்கிக் கிடந்தவர்தான். ஒரு கிண்ணம் காலியாயிற்று. அவசரப்பட வேண்டாம், நன்றாகப் பாருங்கள் என்று சேந்தன் இன்னொன்று ஊற்றினான். அதையும் வழித்துத் தின்றுவிட்டு மீசையைத் துடைத்தார்.

"சந்தேகமே இல்லை, மகாராஜா. இளங்கிடாய், தொடைக்கறி. எனக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது."

"முதல் வாயிலேயே தெரிந்துவிட்டதா?" என்றான் சேந்தன். "அப்படியானால் மிச்சத்தை ஏன் தின்றீர்கள்? உமது கையிலும் காப்புத்தானே இருக்கிறது?"

இல்லை, இது காய்தான், காயேதான் என்று காடப்பர் குழறினார். அதற்குள் நாச்சி அரிவாள்மணையைக் கொண்டுவந்து ராஜா முன் வைத்தாள். அலகு முழுக்கப் பலாப்பால் காய்ந்து ஒட்டியிருந்தது. ராஜா தொட்டுப் பார்த்தான். போன உயிர் திரும்பியவனாகச் சிரித்து, இன்னும் குழம்பு கேட்டான்.

ராஜாவின் கழுத்திலிருந்த முத்துமாலை நாச்சிக்குப் போயிற்று, மோதிரம் சேந்தனிடமே நின்றது. திருவிழா முடியும் வரை மடைப்பள்ளிக்குப் பலாப்பிஞ்சு நறுக்கும் வேலை காடப்பருக்கு.

ருசி பார்ப்பதைத் தவிர வேறு வேலை அறியாத அந்த அதிகாரிக்கு, கையில் எண்ணெய் தடவவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் சபைக்கு வந்தவர் வழக்கம்போல் மீசையை முறுக்கியபடி நின்றார்.

"இன்னுமா உமக்கு மிடுக்கு? கையை எடும்" என்றான் ராஜா.

"எடுக்க வரவில்லை, மகாராஜா" என்றார் காடப்பர்.