பதினோராம் வெண்பா

“பத்து வெண்பா முடிந்துவிட்டன, அம்மையே. பதினோராவது வரவில்லை” என்றார் அந்த மாணவர்.

மடத்தில் யாப்புப் பயிற்றும் பூங்கோதை அம்மை ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆசிரியைக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு.

பத்துப் பாட்டும் அவர் சிறையில் இருந்தபோது பிறந்தவை. கல் உடைக்கும்போது கட்டி, மனத்தில் சேர்த்தவை. மறுநாள் அரங்கேற்றம். பாடியவர் ஊரும் பேரும் பதினோராம் பாட்டில் வரவேண்டும். வராத நூலை அவை ஏற்காது.

“பேர் மறந்துவிட்டதோ?”

“மறக்கவில்லை. அடுத்த வீட்டில் செத்துப்போனவர் பேர்போல் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் என்னை நாற்பத்தேழு என்றுதானே அழைத்தார்கள்?”

அது மடத்துக்கே தெரியும். நேற்று சாப்பாட்டுக்கூடத்தில் இலை எண்ணிய சமையற்காரர் ‘நாற்பத்தேழு’ என்றதும், உண்டுகொண்டிருந்தவர் கைகட்டி எழுந்து நின்றார்.

அம்மை ஓலையை மூடினார்.

“தத்தா, இங்கே வா. சொந்தக்காரர் இல்லாத பாட்டுப் பத்து இருக்கிறது. உன் பேரை வைத்து முடி.”

தத்தன் உடன் பயில்பவன். நான்கு ஆண்டுகளில் ஒரு பாட்டும் முடிக்காதவன். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“நற்றமிழ்த் தத்தன் நயந்துரைத்த பத்துமிவை… எப்படி, அம்மையே?”

“தளை தட்டவில்லை. மேலே சொல்.”

“அம்மையே, அது என் பாட்டு” என்றார் அவர்.

“அதுதான் பேர் இல்லை என்றீரே.”

“இவன் கல்லைத் தொட்டவனா?”

“நாளை அவையில் யார் என் உள்ளங்கையைப் பார்க்கப்போகிறார்கள், அண்ணா?” என்று தத்தன் சிரித்தான். “நாலாம் பாட்டில் அந்தச் சம்மட்டி மட்டும் கொஞ்சம் கரடுமுரடு. புல்லாங்குழல் என்று மாற்றிவிடுகிறேன்.”

“சம்மட்டியைத் தொடாதே!”

“ஏன் தொடக்கூடாது?” என்றார் அம்மை. “யாருடைய சம்மட்டி?”

“என்னுடையது.”

“என்னுடையது என்றால்? எந்த ஊர்? யார் மகன்?”

அவர் எழுந்துவிட்டார். வலக்கை தானாக மேலே போயிற்று. சீருக்கு ஒருமுறை கீழே இறங்கிற்று.

“கல்லுடைத்த கையால் கவிதொடுத்தான் கற்பகத்தாள்
நெல்வாயில் ஈன்றமகன் ஏகம்பன் சொல்லியவே…”



அம்மை ஓலையையும் எழுத்தாணியையும் அவர்பக்கம் தள்ளினார்.

“இன்னும் இரண்டடி குறைகிறது. உட்காரும்.”

உட்கார்ந்தார். விரல்விட்டுச் சீர் எண்ணத் தொடங்கினார்.

சாப்பாட்டுக்கூடத்தில் பந்திக்கு இலை எண்ணும் குரல் கேட்டது. “நாற்பத்தாறு. நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.”

தத்தன் திரும்பி அவரைப் பார்த்தான்.

அவர் முகத்தைச் சுளித்தார்.

“அந்த மனிதரைச் சற்று மெல்ல எண்ணச் சொல், தத்தா. எனக்குச் சீர் தவறுகிறது.”